வரி ரசீது அனுமதி ஆகாது: சத்துவாச்சாரிப் பக்கம் ஒரு மாடி வீட்டின் நிகழ்வு ஆய்வு

சத்துவாச்சாரியை ஒட்டிய ஒரு தெருவில், தரைத்தளத்துக்கு மேல் தூண்கள் எழும்பி, முதல் தளத்துக்குச் சென்ட்ரிங் அடிக்கத் தொடங்கியிருந்த நேரத்தில், வேலையை உடனே நிறுத்துமாறு ஓர் அறிவிப்பு வந்தது. வீட்டின் உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியை. கட்டட வரைபடம் தயாரிக்கும் என்னிடம், அறிவிப்போடு அவர் ஒரு தடித்த கோப்பையும் கொண்டுவந்தார். கிரையப் பத்திரம், தாய்ப் பத்திரத்தின் நகல், அவர் பெயரிலேயே தனிப் பட்டா, வில்லங்கச் சான்று, ஓர் ஆண்டும் தவறாமல் கட்டிய சொத்து வரி ரசீதுகள், குடிநீர் இணைப்புக்கான ஆணை, மின்கட்டண அட்டை என எல்லாம் வரிசைப்படி அடுக்கப்பட்டிருந்தன. "எல்லாமே என் பெயரில் சரியாகத்தானே இருக்கிறது, தம்பி? பிறகு எதற்கு இந்த நோட்டீஸ்?" என்று கேட்டார்.

அந்தக் கோப்பில் இருந்த ஒவ்வொரு தாளும் உண்மையானது. ஆனால் மாடி கட்டலாம் என்று சொல்லும் தாள் ஒன்றுகூட அதில் இல்லை. பட்டா, நிலம் யாருடையது என்று வருவாய்த்துறை சொல்வது. வரி ரசீது, கட்டடம் ஒன்று இருக்கிறது, அதற்கு வரி வாங்கிக்கொண்டோம் என்று உள்ளாட்சி சொல்வது. அந்தக் கட்டடம் அங்கே இருக்கலாமா, எவ்வளவு உயரம் போகலாம், அதற்குள் என்ன நடக்கலாம் என்பவற்றுக்கு விடை வேறு ஆவணங்களில் இருக்கிறது. வேலூரில் வீட்டு உரிமையாளர்கள் நோட்டீசோடு அலைவதற்குக் காரணம் பெரும்பாலும் பேராசை அல்ல, இந்த வேறுபாட்டை அவர்களுக்கு யாரும் உரிய காலத்தில் சொல்லாததுதான். ஆசிரியையின் இசைவோடு இந்த நிகழ்வை முழுமையாக எழுதுகிறேன். தெருவையும் சர்வே எண்ணையும் மட்டும் விட்டுவிட்டேன்.

எட்டு அறைகள்

வேலூரில் வீடு கட்டுபவர்களின் கணக்கில் மருத்துவமனை எப்போதும் இருக்கும். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இன்று மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று பல இடங்களிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள். ஒருவருக்குச் சிகிச்சை என்றால் உடன் இருவராவது வருவார்கள், வாரக்கணக்கில் தங்குவார்கள், தாங்களே சமைத்துக்கொள்ள விரும்புவார்கள். காந்தி ரோடு, பாபு ராவ் தெரு, சைதாப்பேட்டைப் பக்கம் விடுதிகள் பெருகியதும், கடைப் பலகைகளில் வங்காள எழுத்து ஏறியதும் இதனால்தான். 2022-இல் அதே மருத்துவமனையின் ராணிப்பேட்டை வளாகம் ரத்தினகிரிக்கு அருகே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையோரம் செயல்படத் தொடங்கியதும், இரண்டு வளாகங்களுக்கும் நடுவே இருக்கும் சத்துவாச்சாரிப் பக்கத்தில் அறை கட்டும் எண்ணம் பல குடும்பங்களுக்கு வந்தது.

ஆசிரியையின் இளைய மகன் போட்ட கணக்கும் அதுதான். முதல் தளத்தில் நான்கு அறைகள், இரண்டாம் தளத்தில் நான்கு அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒட்டுக் கழிப்பறை, ஒரு சிறிய சமையல் மேடை, நாள் வாடகை. வங்கிக் கடன் தேவையில்லை, அம்மாவின் ஓய்வுக்காலப் பணமே முதல் தளத்துக்குப் போதும் என்பது திட்டம். மேஸ்திரி பழகியவர். அனுமதியைப் பற்றிக் கேட்டபோது, "முதலில் கட்டிவிடலாம், பிறகு வரன்முறை செய்துகொள்ளலாம்" என்று சொல்லியிருக்கிறார்.

வேலூரில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுவதும் எத்தனையோ குடும்பங்களின் பணத்தை விழுங்கிய அறிவுரை அது. அனுமதியற்ற கட்டடங்களை வரன்முறைப்படுத்தும், அதாவது கட்டணம் வாங்கிக்கொண்டு சட்டப்பூர்வமாக்கும் திட்டங்கள் வந்தது உண்மைதான். நகர் ஊரமைப்புச் சட்டத்தில் இதற்கெனவே 113-அ, 113-சி என்று பிரிவுகள் சேர்க்கப்பட்டன. ஆனால் பின்னதன் பயன் 1.7.2007-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு மட்டும்தான். இன்று தூண் எழுப்புகிறவருக்கு அந்தக் கதவு திறக்காது.

மனையின் கதை

30 அடிக்கு 50 அடி, 1500 சதுர அடி. 2009-இல் வாங்கியது. பழைய விளைநிலத்தைத் துண்டு போட்டு, நடுவே 20 அடிச் சாலை விட்டு விற்றிருக்கிறார்கள். பூங்காவுக்கு இடம் கிடையாது. மனைப்பிரிவு வரைபடத்தில் அன்றைய உள்ளாட்சியின் முத்திரையும் கையொப்பமும் இருந்தன. தரகர்கள் இதைப் "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொல்லி விற்பார்கள். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் எண் அந்த வரைபடத்தில் எங்குமே இல்லை. இயக்ககத்தின் ஒப்புதல் இல்லாமல் உள்ளாட்சி மட்டும் முத்திரை குத்திய மனைப்பிரிவு, சட்டத்தின் கண்ணில் அங்கீகாரமற்ற மனைப்பிரிவு.

2008 ஆகஸ்டில் மாநகராட்சியான வேலூர், 2011-இல் சத்துவாச்சாரி உள்ளிட்ட சுற்றுப்பகுதிகளைச் சேர்த்துக்கொண்டு விரிந்தது. நிர்வாகம் மாறியது, வரி விகிதம் மாறியது, கதவிலக்கம் மாறியது. மனைகளின் சட்ட நிலை மட்டும் தானாக மாறவில்லை. மாநகராட்சி எல்லைக்குள் வந்துவிட்டோம், இனி நம் மனை மாநகராட்சி மனைதானே என்று அந்தத் தெருவில் பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வரி கேட்டு வந்தவர்களோ குடிநீர்க் குழாய் போட வந்தவர்களோ மனைப்பிரிவு ஆணையைக் கேட்டதே இல்லை.

2016-இல் நிலைமை மாறியது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று அந்த ஆண்டு செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அத்தகைய மனைகளைப் பதிவு செய்வதைத் தடுக்கும் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு அக்டோபர் 20 அன்று நடைமுறைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து 2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகளை வெளியிட்டது. 20.10.2016-க்கு முன் விற்பனை நடந்து பதிவான மனைகளுக்கு அதில் வழி உண்டு. முதலில் மனைப்பிரிவு முழுவதற்கும் கொள்கை அளவிலான ஒப்புதல் வாங்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு மனைக்கும் தனித்தனியே கட்டணம் செலுத்தி ஆணை பெற வேண்டும். நீர்நிலை, புறம்போக்கு, பொதுப் பயன்பாட்டுக்கு விட்ட இடம் ஆகியவற்றில் அமைந்த மனைகளுக்கு இந்த வழி கிடையாது.

ஆசிரியையின் தெருவில் முதல் கட்டம் ஏற்கெனவே முடிந்திருந்தது. தெருமுனை மளிகைக்கடைக்காரர் முன்னின்று, பத்திர நகல்களைச் சேர்த்து, மொத்த மனைப்பிரிவுக்கும் ஒப்புதல் வாங்கியிருந்தார். இப்படிப்பட்ட ஒரு மனிதர் வாய்ப்பது அந்தத் தெருவின் நல்லூழ் என்றே சொல்வேன். அவர் அப்போது ஆசிரியையிடமும் வந்து கேட்டிருக்கிறார். "எனக்குத்தான் தனிப் பட்டாவே இருக்கிறதே" என்று இவர் இரண்டாம் கட்டத்துக்கு விண்ணப்பிக்கவில்லை.

உட்பிரிவு செய்து தனிப் பட்டா கொடுத்துவிட்டால் அரசு அந்த மனையை ஏற்றுக்கொண்டது என்ற நினைப்பு மிகப் பரவலானது. பட்டா கொடுப்பது வருவாய்த்துறை. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கொடுப்பது நகர் ஊரமைப்புத் துறை. ஒன்றின் கையொப்பத்தை மற்றொன்றின் கையொப்பமாகக் கொள்ள முடியாது. வரன்முறைக்கான அவகாசத்தை அரசு பலமுறை நீட்டித்தது. அப்படியொரு நீட்டிப்புக் காலத்தில் இவர் விண்ணப்பித்துவிட்டார். வரன்முறைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், பூங்காவுக்கு இடம் விடாததற்கான திறந்தவெளிக் கட்டணம் ஆகியவற்றைச் செலுத்தியபின் மனைக்கு ஆணை கிடைத்தது. இந்த ஆணை கைக்கு வரும்வரை கட்டட வரைபடத்தை நான் தொடவே இல்லை. மனைக்கு ஒப்புதல் இல்லாதபோது கட்டடத்துக்கு விண்ணப்பிப்பது வீண்வேலை.

வீடா, விடுதியா

இந்த நிகழ்வின் கனமான பகுதி இதுதான். மகனுக்கு இதை ஏற்றுக்கொள்ளவே கடினமாக இருந்தது.

நகரின் எந்தப் பகுதி எதற்கு என்று வகுக்கும் முழுமைத் திட்ட வரைபடத்தில் அவர்கள் மனை குடியிருப்பு மண்டலத்தில் இருந்தது. குடியிருப்பிலும் இரண்டு வகை உண்டு. முதன்மைக் குடியிருப்பு மண்டலத்தில் வீடுகளும், வீட்டை ஒட்டிய சிறு பயன்பாடுகளும் மட்டும். கலப்புக் குடியிருப்பு மண்டலத்தில் கடை, அலுவலகம் போன்றவற்றுக்கு ஓரளவு இடம் உண்டு. வணிகம், நிறுவனம், தொழில், வேளாண்மை ஆகியவற்றுக்குத் தனித்தனி மண்டலங்கள் இருக்கின்றன. ஆசிரியையின் மனை முதன்மைக் குடியிருப்பில் இருந்தது.

"அறைக்குள் மனிதர்கள்தானே சார் தங்கப்போகிறார்கள்? அதுவும் குடியிருப்புதானே?" என்று மகன் கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் சட்டம் வேறு விதமாகப் பார்க்கிறது. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், கட்டடம் எழுப்புவதை மட்டும் வளர்ச்சிப்பணி என்று சொல்லவில்லை. ஏற்கெனவே இருக்கும் கட்டடத்தின் அல்லது நிலத்தின் பயன்பாட்டில் முக்கியமான மாற்றம் செய்வதையும் அதே தலைப்பில் சேர்க்கிறது. அதாவது ஒரு செங்கல்கூட வைக்காமல், இருக்கிற வீட்டை நாள் வாடகை விடுதியாக மாற்றினாலும் அனுமதி தேவை. இதை அறியாமலேயே எத்தனையோ வீடுகள் விடுதியாகிவிட்டன.

விடுதி என்ற தலைப்புக்குள் போனால் பின்னால் வருபவை ஒவ்வொன்றாக மாறும். மண்டலம் பொருந்த வேண்டும், முன்னால் இருக்கும் சாலைக்கு அதற்குரிய அகலம் வேண்டும், வாகனம் நிறுத்த இடம் காட்ட வேண்டும். 20 அடிச் சாலையில் எட்டு அறைகளுக்கு வரும் ஆட்டோக்கள் எங்கே நிற்கும் என்ற கேள்விக்கு வரைபடத்தில் விடை இல்லை.

அதைவிடப் பெரிய இழப்பு, கட்டடம் அனுமதிப்படி முடிந்தது என்று தரும் பணிநிறைவுச் சான்றில் வரும். 14 மீட்டர் உயரத்துக்குள், எட்டு குடியிருப்புகளுக்கு மிகாமலோ 750 சதுர மீட்டருக்கு மிகாமலோ இருக்கும் குடியிருப்புக் கட்டடங்களுக்கு இந்தச் சான்று தேவையில்லை என்று 2024 மார்ச்சில் விதி தளர்த்தப்பட்டது. சிறு வீட்டுக்காரர்களுக்குக் கிடைத்த பெரிய சலுகை அது. ஆனால் அது வீட்டுக்குத் தந்த சலுகை. விடுதிக்கு அது பொருந்தாது. சான்று தேவைப்படும் கட்டடத்துக்கு அது இல்லாமல் மின் இணைப்பும் கிடைக்காது.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோட்டீஸ் வராத வீடுகளும் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது வீட்டு இணைப்புக்கு. அதே மீட்டரில் நாள் வாடகை அறைகளை ஓட்டினால், அனுமதிக்கப்பட்ட நோக்கத்துக்கு மாறான பயன்பாடு என்று 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு பாயும். உரிய கட்டண விகிதத்தைப் போல இரு மடங்கு கணக்கிட்டு வசூலிக்க அந்தப் பிரிவு வழிசெய்கிறது. வங்கதேசத்தவரைத் தங்கவைத்தால் கூடுதலாக இன்னொரு கடமையும் சேரும். வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை அதிகாரிகளுக்குப் பதிவு செய்ய வேண்டும். வயதான ஆசிரியை ஒருவர் தன் வீட்டு மாடியில் இத்தனையையும் சுமக்க வேண்டுமா என்று நான் மகனிடம் நேராகவே கேட்டேன்.

மாற்றுவழி அவர்கள் கையிலேயே இருந்தது. எட்டு அறைகளை விட்டுவிட்டு, மாடி முழுவதையும் கூடம், இரண்டு படுக்கையறை, சமையலறை கொண்ட ஒரே வீடாக்கி மாத வாடகைக்கு விடுவது. அப்போது அது குடியிருப்பு. மண்டலமும் பொருந்தும், சாலை அகலமும் போதும், பணிநிறைவுச் சான்றும் தேவைப்படாது. வருமானம் குறையும், மறுப்பதற்கில்லை. "பாதிகூட வராதே" என்றார் மகன். நோட்டீஸ், சீல் வைப்பு, இரு மடங்கு மின்கட்டணம், வழக்குச் செலவு ஆகியவற்றைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடச் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசாமல் மகன் எழுதிக்கொண்டிருந்த தாளை வாங்கி, எட்டு அறைகள் என்று எழுதியிருந்த வரியை அடித்தார்.

இடையில் இன்னொரு யோசனையும் வந்தது. ஆசிரியையின் தாய்வீடு கோட்டைக்குக் கிழக்கே பழைய பஜார் பகுதியில் இருக்கிறது. அங்கே இடித்துவிட்டுப் புதிதாக விடுதியாகவே கட்டிவிடலாமே என்றார்கள். வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010-இல் வந்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அங்கே புதுக்கட்டடம் கூடாது, பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். அதற்கு அப்பால் 200 மீட்டர் முறைப்படுத்தப்பட்ட பகுதி. அங்கே கட்ட தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் வழியாக முன் அனுமதி பெற்ற பிறகுதான் உள்ளூர் அனுமதிக்கே போக முடியும். தாய்வீடு இந்த இரண்டாம் வளையத்துக்குள் இருந்தது. அந்தப் பேச்சு அதோடு நின்றது.

கிழக்குப் பக்கத்துச் சந்து

புகார் கொடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரர் என்பது ஆசிரியைக்குத் தெரிந்திருந்தது. அதுதான் அவரை அதிகம் வருத்தியது. "பொங்கலுக்குப் பொங்கல் மாற்றிக்கொள்கிற வீடு. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

போய்ப் பார்த்தபோது அவர் பக்கத்து நியாயம் கண்முன்னே தெரிந்தது. 2010-இல் தரைத்தளத்துக்கு வாங்கிய வரைபடத்தில் கிழக்குப் பக்கம் போதிய இடம் விட்டுத்தான் வரைந்திருந்தார்கள், அப்படித்தான் கட்டியும் இருந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து அந்தச் சந்தில் ஒரு குளியலறை முளைத்தது. பிறகு அதன்மேல் ஏறி மொட்டைமாடிக்குப் போகப் படிக்கட்டு. இப்போது முதல் தளத் தூண்களையும் குளியலறைச் சுவரின் ஓரம்வரை தள்ளி நிறுத்தியிருந்தார்கள். பக்கத்து வீட்டின் படுக்கையறைச் சன்னலுக்கும் இந்தத் தூண்களுக்கும் இடையே ஒரு மனிதர் திரும்பி நிற்கும் இடம்கூட இல்லை. அந்த அறையில் படுக்கையாகக் கிடந்தவர் அவருடைய மனைவி.

அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஊரில், இரு சுவர்களுக்கு நடுவே விடும் சந்துதான் வீட்டின் மூச்சு. தீப்பிடித்தால் ஆள் புகுந்து வர அதுவே வழி, மழைநீர் வடிந்து போகவும் அதுவே வழி, செப்டிக் டேங்க்கைத் திறந்து சுத்தம் செய்யவும் அதுவே வழி. பக்கவாட்டு இடத்தைப் பற்றிய விதியை அதிகாரிகளின் தொல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது பக்கத்து வீட்டுக்காரருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் என்றே நான் நினைக்கிறேன். ஒருவர் அந்த இடத்தை விழுங்கினால் அந்த வெக்கையையும் இருட்டையும் சுமப்பவர் இன்னொருவர்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, அதிக உயரமில்லாத கட்டடங்களுக்குப் பொதுவாகத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது 1500 சதுர அடி மனையில் எல்லாத் தளங்களும் சேர்த்து 3000 சதுர அடிவரை. ஆசிரியையின் வீட்டில் தளத்துக்கு ஏறத்தாழ 950 சதுர அடி என்பதால், மூன்று தளம் போட்டாலும் கணக்கு உள்ளேதான் வரும். மேஸ்திரி இதைக் காட்டித்தான் "அளவு சரியாக இருக்கிறது" என்று சொல்லியிருந்தார். பரப்பளவு சரியாக இருந்தும், நாற்புறமும் விட வேண்டிய இடம் குறைந்தால் வரைபடம் தேறாது. இந்த இடம் சாலையின் அகலம், மனையின் அகலம், கட்டடத்தின் உயரம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். பரப்பளவு சரியாக இருப்பது இந்த இடத்துக்கு ஈடாகாது.

அடித்தளத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. தூண் ஒன்றின் அருகே குழி தோண்டிப் பார்த்ததில், 2010-இல் போட்ட அடித்தளம் தரைத்தளமும் ஒரு மாடியும் தாங்கும் அளவில்தான் இருந்தது. ஆகவே இரண்டாம் தளம் என்ற பேச்சையே வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டோம். எந்தச் சட்டமும் தடுக்காமல் இருந்திருந்தாலும் அதை நான் வரைந்திருக்க மாட்டேன். கீழே ஒரு குடும்பம் தூங்குகிறது.

அறிவிப்புக்குப் பதில்

அனுமதியின்றி நடக்கும் வேலையை நிறுத்தச் சொல்ல நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. கட்டியதை அகற்றவோ பழைய நிலைக்குக் கொண்டுவரவோ சொல்வது 56-ஆம் பிரிவு. இந்த அறிவிப்புகளை எதிர்த்து அரசிடம் மேல்முறையீடு செய்ய 80-அ பிரிவு இருக்கிறது. உறவினர் ஒருவர், உடனே சென்னைக்குப் போய் உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கிவிடலாம் என்று மகனிடம் சொல்லியிருந்தார்.

நான் வேண்டாம் என்றேன். அறிவிப்பில் தவறு இருந்தால் மேல்முறையீடு செய்யலாம், செய்யவும் வேண்டும். இங்கே அறிவிப்பு சொன்னது அத்தனையும் உண்மை. தடை உத்தரவு இடிப்பதைத் தள்ளிப்போடும், கட்ட அனுமதி தராது. 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பையும் அவர்களுக்குச் சொன்னேன். உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில் குடியிருப்புக்கென ஒதுக்கிய மனையில் கடைகளைக் கட்டிப் பல ஆண்டுகள் நடத்திவந்த வழக்கு அது. காலம் கடந்துவிட்டது, பணம் போட்டுவிட்டோம், அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை என்ற எந்த வாதமும் அனுமதியற்ற கட்டடத்துக்குக் கேடயம் ஆகாது என்று நீதிமன்றம் சொன்னது. மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகளையும் வங்கிக் கடனையும் உரிய சான்றுகளைப் பார்த்த பிறகே தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. "பக்கத்துத் தெருவில் எல்லோரும் கட்டியிருக்கிறார்களே" என்று மகன் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதன்பின் சொல்லவில்லை.

வேலை நிறுத்தப்பட்டுவிட்டது என்றும், மீறிய பகுதிகளை உரிமையாளரே அகற்றிக்கொண்டு முறையாக விண்ணப்பிப்பார் என்றும் புகைப்படங்களோடு பதில் எழுதினோம். கிழக்குச் சந்தில் இருந்த குளியலறையை இடித்தார்கள். படிக்கட்டை வீட்டுக்குள் முன்பகுதிக்கு மாற்றினார்கள். தள்ளி நின்ற தூண்களை வெட்டியெடுத்து, மாடியின் கிழக்குச் சுவரைத் தரைத்தளத்தின் பழைய சுவர்க்கோட்டுக்கே கொண்டுவந்தோம். இதற்கான செலவைக் கண்டு ஆசிரியை கலங்கினார். அந்தப் பணத்தில் அனுமதிக் கட்டணம் முழுவதையும் கட்டி மிச்சமும் இருந்திருக்கும்.

சுயசான்று முறையில் உடனே அனுமதி கிடைக்காதா என்று அவர்கள் கேட்டார்கள். 2024 ஜூலை 22 அன்று தொடங்கப்பட்ட திட்டம் அது. 2500 சதுர அடிவரை உள்ள மனையில், 3500 சதுர அடிவரை, தரைத்தளமோ தரைத்தளமும் முதல் தளமுமோ கொண்ட வீட்டுக்கு இணையவழியில் உடனடி அனுமதி தருகிறார்கள். முன்கூட்டியே இடத்தை ஆய்வு செய்வதில்லை. பரிசீலனைக் கட்டணமும் உள்கட்டமைப்பு, வசதிக் கட்டணமும் இல்லை. காலி மனையில் புதிதாக வீடு கட்டும் நடுத்தரக் குடும்பத்துக்கு இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை, கட்டாயம் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் ஆய்வு இல்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. சொன்னது பொய்யானால் அதற்குக் கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். நோட்டீஸ் பெற்று, இடிப்பும் மாற்றமும் நடந்திருக்கிற ஒரு பழைய வீட்டை, எல்லாம் விதிப்படி இருக்கிறது என்று நாமே சான்றளித்துக்கொண்டு நுழைப்பது சரியல்ல. அதனால் ஒற்றைச் சாளர இணையதளத்தின் வழக்கமான முறையில் விண்ணப்பித்தோம். இவ்வளவு சிறிய வீட்டுக்கு மாநகராட்சியே அனுமதி தந்துவிட முடியும்.

விண்ணப்பத்தோடு பத்திரம், பட்டா, புல வரைபடம், மனை வரன்முறை ஆணை, மனையின் புகைப்படம், மழைநீர் சேகரிப்பு அமைப்பைக் காட்டும் கட்டட வரைபடம் ஆகியவை போயின. ஒரு சிக்கல் வந்தது. பத்திரத்தில் 50 அடி என்று இருந்த ஒரு பக்கம், இடத்தில் அளந்தால் சற்றுக் குறைவாக இருந்தது. இந்தப் பகுதி மனைகளில் இது அடிக்கடி வரும். பத்திரத்து அளவை வைத்து வரைந்துவிட்டு, கட்டும்போது அந்தக் குறையைப் பின்பக்க இடத்தில் கழிப்பது பலரின் வழக்கம். நாங்கள் இடத்தில் உள்ள அளவையே வைத்து வரைந்தோம். இடத்தை நேரில் பார்க்க வந்தபோதும் இதனால் எந்தக் கேள்வியும் எழவில்லை. கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்குச் செலவு மதிப்பில் 1 சதவீதமும் மற்றக் கட்டணங்களும் செலுத்தியபின் அனுமதி கிடைத்தது.

இப்போதைய நிலை

மாடி வீடு முடிந்துவிட்டது. கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக மின் இணைப்பை ஒப்படைத்து, மாடிக்குத் தனி வீட்டு இணைப்பு பெற்றுவிட்டார்கள். அனுமதிபெற்ற வரைபடத்தைக் காட்டியதால், குடியிருப்பு என்ற பயன்பாட்டிலேயே சொத்து வரியும் மறுமதிப்பீடு ஆனது. இரண்டு குழந்தைகளோடு ஒரு குடும்பம் மாத வாடகைக்கு வந்திருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி எழுத்துவழி ஒப்பந்தம் போட்டு, வாடகை ஆணையத்தில் பதிவும் செய்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் படுக்கையறைச் சன்னல் இப்போது திறந்து மூட முடிகிறது. ஆசிரியையும் அவரும் மறுபடி பேசத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தத் தெருவில் மனை வரன்முறை செய்யாத வீடுகள் இன்னும் சில இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் உரிமையாளர் மாடி கட்டுவதற்காக ஆசிரியையிடம் அதே மேஸ்திரியின் எண்ணைக் கேட்டிருக்கிறார். ஆசிரியை தம் மனை ஆணையின் நகலைக் கொடுத்து, முதலில் இதுபோன்ற ஒன்று வீட்டில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் அப்படியொரு ஆணை இல்லை. மளிகைக்கடைக்காரர் வாங்கிவைத்த மனைப்பிரிவு ஒப்புதலின் எண்ணோடு அவர்கள் இரண்டாம் கட்ட விண்ணப்பத்துக்கான தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். மேஸ்திரியை இன்னும் அழைக்கவில்லை.